நீட்சே ஒழுக்கமே வேண்டாம் என்றாரா?

கேள்வி இது: "மேற்கத்திய ஒழுக்கத்தின் அடித்தளத்தையே நீட்சே ஆட்டிவிட்டார் என்கிறார்கள். அப்படியானால் பொய், திருட்டு, கொலை எதுவும் தப்பில்லை என்றாரா? வலுத்தவன் வைத்ததே சட்டம் என்பதுதான் அவர் தத்துவமா? அவரைப் படிப்பதென்றால் எங்கே தொடங்குவது?"

முதல் கேள்விக்கு, 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியத் தத்துவவாதியான அவரே பதில் எழுதி வைத்திருக்கிறார். 1881-இல் வந்த 'வைகறை' நூலின் 103-ஆம் பகுதி. ஒழுக்கக்கேடு என்று பெயர் வாங்கிய செயல்களில் பலவற்றைத் தவிர்க்கத்தான் வேண்டும், எதிர்க்கத்தான் வேண்டும். நல்லொழுக்கம் என்று பெயர் வாங்கியவற்றில் பலவற்றைச் செய்யத்தான் வேண்டும். நான் முட்டாளாக இருந்தால் ஒழிய இதை மறுக்க மாட்டேன் என்கிறார். இதுவரை சொல்லிவந்த காரணங்களுக்காக இல்லாமல், வேறு காரணங்களுக்காக இதையெல்லாம் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் சேர்த்துக்கொள்வது. ஆகவே அடுத்தவனை வெட்டலாமா கூடாதா என்று அவர் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. கூடாது என்று நாம் சொல்லும்போது எதன் பேரில் சொல்கிறோம், அப்படிச் சொல்லிச் சொல்லியே எப்படிப்பட்ட மனிதர்களாக ஆகிவிட்டோம் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

1887-இல் எழுதிய 'ஒழுக்கத்தின் வம்சாவளி' முன்னுரையில் இதை நேராகவே வைக்கிறார்: ஒழுக்க மதிப்புகளின் மதிப்பு என்ன? இரக்கம் நல்லது, தன்னலமின்மை நல்லது, பணிவு நல்லது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று. யாருக்கு நல்லது? எதற்கு நல்லது? எப்போதிலிருந்து? இதைக் கேட்காமலேயே இரண்டாயிரம் வருடம் ஓட்டிவிட்டோமே என்பது அவருடைய ஆச்சரியம்.

இதைக் கேட்டவர் வெளியாள் இல்லை. 1844-இல், லூதரன் பாதிரியாரின் மகனாக, ரோக்கன் என்ற ஜெர்மானியக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா வழித் தாத்தா, அம்மா வழித் தாத்தா இருவருமே சபை ஊழியத்தில் இருந்தவர்கள். 24 வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் மொழியியல் பேராசிரியர். 1879-இல் உடம்பு தாங்காமல் வேலையை விட்டார். பிறகு பத்து வருடம் ஓய்வூதியத்தில், சில்ஸ் மரியா, ஜெனோவா, நீஸ், தூரின் என்று வாடகை அறைகளில் வாழ்க்கை. நாம் இன்று பேசும் முக்கியமான புத்தகங்கள் பெரும்பாலும் அந்தப் பத்து வருடத்தில் எழுதியவை. மொழியியல்காரர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய ஏட்டை எடுத்து, இந்த வரி யார் கையில் எப்போது நுழைந்தது, எது இடைச்செருகல் என்று பார்க்கிற பழக்கத்தை அப்படியே நன்மை தீமை மேல் திருப்பினார்.

அவர் சண்டை யாரோடு என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். கோயிலுக்குப் போகிற எளிய பக்தர்களோடு இல்லை. 1882-இல் வந்த 'ஆனந்த அறிவியல்' நூலின் 125-ஆம் பகுதியில் ஒரு பைத்தியக்காரன் பட்டப்பகலில் விளக்கை ஏற்றிக்கொண்டு சந்தைக்குள் ஓடிவந்து "கடவுளைத் தேடுகிறேன்" என்று கத்துகிறான். சுற்றி நின்று சிரிப்பவர்கள் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். "என்ன, காணாமல் போய்விட்டாரா? கப்பல் ஏறிவிட்டாரா?" என்று கிண்டல் செய்கிறார்கள். "கடவுள் செத்துவிட்டார், நாம்தான் கொன்றோம்" என்று அவன் சொல்வது இவர்களிடம்தான். தாங்கள் செய்தது என்னவென்று இவர்களுக்கே இன்னும் உறைக்கவில்லை, தான் சீக்கிரம் வந்துவிட்டதாக அவன் நினைக்கிறான். கடவுளை விட்டுவிட்டோம், ஆனால் அவர் பேரால் வந்த ஒழுக்கம் மட்டும் அப்படியே நிற்கும், அதற்குப் பகுத்தறிவே போதும் என்று நம்பிய 19-ஆம் நூற்றாண்டுப் படிப்பாளிகள்தான் அவருடைய இலக்கு. ஜெர்மனியில், ஒழுக்கம் பகுத்தறிவிலிருந்தே பிறக்கிறது என்ற தத்துவவாதி கான்ட்டின் வழிவந்தவர்கள், இங்கிலாந்தில் பெரும்பான்மையோரின் இன்பமே அளவுகோல் என்றவர்கள். 'விக்கிரகங்களின் அந்தி'யில் ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட்டைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்கிறார்: கிறிஸ்தவம் ஒரு முழு அமைப்பு. அதன் மையமான கடவுள் நம்பிக்கையைப் பிடுங்கினால் மிச்சமும் சேர்ந்து உடையும். ஆங்கிலேயர்களோ இறையியலிலிருந்து ஒவ்வொரு அடி விலகும்போதும் அதற்கு ஈடுகட்ட இன்னும் கடுமையான ஒழுக்கவாதிகளாக ஆகிறார்கள்.

இனி 'வம்சாவளி'யின் முதல் கட்டுரை. நல்லது என்ற மதிப்பீட்டுக்கு இரண்டு வேர்கள் உண்டு என்கிறார். ஒன்று மேலே இருப்பவர்களுடையது: வீரர், பிரபு தன்னைப் பார்த்து, தன் உடல் வலுவை, துணிச்சலைப் பார்த்து நல்லது என்கிறார். அந்த வட்டத்தில் இல்லாதவன் மட்டம், அவ்வளவுதான், அவன் மேல் பெரிய கோபம்கூட இல்லை. மற்றது கீழே இருப்பவர்களுடையது. இவர்கள் முதலில் எதிரியைப் பார்க்கிறார்கள்: அவன் தீயவன். அவன் எதுவெல்லாமோ, அதற்கு மாறாக இருக்கும் நான் நல்லவன். இப்படி ஒரு தலைகீழ் மாற்றம் யூத, கிறிஸ்தவ மரபின் வழியாக நடந்து, ரோமையே வென்றுவிட்டது என்பது அவர் சொல்லும் கதை. ஆவியில் எளிமையுள்ளவர்கள் பாக்கியவான்கள் ஆனது அப்படித்தான்.

அந்தக் கட்டுரையின் 13-ஆம் பகுதியில் ஆட்டுக்குட்டிகள் வருகின்றன. கழுகுகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவதால் குட்டிகளுக்குக் கழுகின் மேல் பகை. இதில் வியப்பில்லை. ஆனால் குட்டிகள் தங்களுக்குள் கூடி, "இந்தக் கழுகுகள் தீயவை, கழுகுக்கு நேர்மாறாக இருப்பது எதுவோ அதுவே நல்லது" என்று பேசிக்கொள்கின்றனவாம். கழுகுகளோ, "எங்களுக்கு இந்த நல்ல குட்டிகள் மேல் கோபமே இல்லை, சொல்லப்போனால் கொள்ளை ஆசை" என்கின்றன. இந்த நக்கலோடு நிற்காமல் ஒரு தத்துவப் புள்ளிக்குப் போகிறார். குட்டிகளின் வாதம் நிற்க வேண்டுமானால், கழுகு கழுகாக இல்லாமல் இருக்கவும் தேர்ந்தெடுக்க முடியும் என்று காட்ட வேண்டும். செயலுக்குப் பின்னால் செய்பவன் என்று ஒருவன் தனியாக, எதையும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்தால்தான் பழி போட முடியும். மின்னல் வேறு, அது பளிச்சிடுவது வேறு என்று பிரிப்பது போன்ற பேச்சு இது என்கிறார். அதே சூட்டில், எதிர்த்து அடிக்க முடியாதவன் தன் இயலாமைக்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொள்கிறான். அதையும் தானே விரும்பி ஏற்ற நற்குணமாகக் கணக்கில் வரவு வைக்கிறான்.

இந்த மனநிலைக்கு அவர் ஒரு பிரெஞ்சுச் சொல்லைக் கையாள்கிறார். தமிழில் வன்மம் என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் கோபம் இல்லை இது. கோபக்காரன் அடித்துவிட்டு மறந்துவிடுவான். வன்மம் என்பது செயலாக வெளியே போக வழியில்லாமல், கற்பனையிலேயே பழிதீர்த்து ஆறுகிற பகை. 10-ஆம் பகுதியில் இந்த விளக்கம் இருக்கிறது, பின்னால் தேவைப்படும். கற்பனைப் பழிவாங்கலுக்குச் சாட்சியாகக் கிறிஸ்தவ ஆசிரியர்களையே கூப்பிடுகிறார். நரகத்தில் வேகிறவர்களைப் பார்த்து மோட்சத்தில் இருப்பவர்களின் ஆனந்தம் கூடும் என்று தாமஸ் அக்குவினாஸ் எழுதியதையும், தீர்ப்பு நாளில் அரசர்களும் தத்துவஞானிகளும் நடிகர்களும் நெருப்பில் துடிப்பதை வேடிக்கை பார்க்கப்போவதைத் தெர்த்துல்லியன் ருசித்து ருசித்து எழுதியதையும் நீளமாக லத்தீனிலேயே எடுத்துப் போடுகிறார். அன்பின் மதம் என்கிறீர்களே, இது என்ன என்று கேட்கிற இடம்.

எல்லோரும் முதல் கட்டுரையைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அவருடைய கை தேர்ந்தது இரண்டாவதில். வாக்குறுதி கொடுக்கக்கூடிய விலங்கை இயற்கை எப்படி வளர்த்தெடுத்தது என்று அது தொடங்குகிறது. மறப்பதுதான் உயிருக்கு இயல்பு. நேற்றுச் சொன்னதை இன்று நினைவு வைத்திருக்க வேண்டுமானால் சூடு போட வேண்டியிருந்தது. பழைய ஜெர்மானியத் தண்டனைகளை அடுக்குகிறார்: கல்லால் அடிப்பது, சக்கரத்தில் கட்டி எலும்பை முறிப்பது, எண்ணெயில் கொதிக்கவிடுவது. சிந்தனையாளர்களின் நாடு என்று பெருமை பேசும் ஜெர்மனி இந்தப் பாதையில்தான் புத்தி படித்தது என்று ஒரு குத்து. குற்றவுணர்வு எங்கிருந்து வந்தது? கடன் கொடுத்தவன், வாங்கியவன் உறவிலிருந்து. ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் சொல் ஒன்றே. கடன் திரும்பவில்லையென்றால் பணத்துக்குப் பதிலாகக் கடனாளியின் உடம்பில் வெட்டிக்கொள்ளலாம். ரோமானியர்களின் பன்னிரண்டு பலகைச் சட்டம் இதில் ஒரு படி முன்னேற்றமாம்: கொஞ்சம் கூடவோ குறையவோ வெட்டிவிட்டாலும் குற்றமில்லை என்றது. இதில் ஈடு எங்கே இருக்கிறது? கடன் கொடுத்தவனுக்குச் சதையால் என்ன லாபம்? பிறனை வதைக்கிற சுகம்தான் அந்த லாபம் என்கிறார். நீதி, கடமை என்ற பெரிய பெரிய கருத்துகளின் தொடக்கத்தில் இப்படி இரத்தம் இருக்கிறது. எந்த நிலையிலும் விலக்கில்லாத கடமை என்று கான்ட் வைத்த நிபந்தனையற்ற கட்டளையில்கூட அந்தக் கொடூரத்தின் வாடை அடிக்கிறது என்று போகிறபோக்கில் எழுதுகிறார்.

அதோடு ஒரு முறையியல் பாடமும் அங்கே இருக்கிறது. ஒரு வழக்கம் தோன்றிய காரணமும் இன்று அதற்கு நாம் கற்பிக்கும் நோக்கமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தண்டனை எதற்கு என்று கேட்டால் திருத்துவதற்கு, அச்சுறுத்துவதற்கு, ஈடுகட்டுவதற்கு, ஆபத்தானவனை ஒதுக்கிவைப்பதற்கு என்று பதில்கள் வந்துகொண்டே இருக்கும். பதில்கள் மாறின, நடைமுறை தொடர்ந்தது. வரலாறு இல்லாத ஒன்றைத்தான் வரையறுக்க முடியும் என்ற அவருடைய வரி இங்கே வருகிறது. சிறை, பள்ளி, மருத்துவமனை பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ இந்த இடத்திலிருந்துதான் பிடித்துக்கொண்டு போனார். அதே கட்டுரையில் இன்னொன்று: ஊர், அரசு, சட்டம் என்று மனிதன் அடைபட்ட பிறகு, வெளியே பாய வழியில்லாத அவனுடைய மூர்க்கம் உள்ளே திரும்பித் தன்னையே கடிக்க ஆரம்பித்தது. மனசாட்சியின் உறுத்தல் அதுதான். இதை நோய் என்கிறார், ஆனால் கர்ப்பம் நோய் என்கிற அர்த்தத்தில். மனிதனுக்கு ஆழம் என்று ஒன்று வந்ததே அதனால்தான் என்றும் ஒத்துக்கொள்கிறார். நீட்சேயைப் படிக்கும்போது இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அவர் திட்டுகிற எதையும் வெறுமனே திட்டுவதில்லை.

இரக்கத்தின் மீதான தாக்குதல்தான் வாசகர்களை அதிகம் புண்படுத்துவது. ஜெர்மானியத் தத்துவவாதி ஷோப்பன்ஹவரைக் குருவாக வைத்துத் தொடங்கியவர் நீட்சே, அந்தக் குருவோ இரக்கமே ஒழுக்கத்தின் ஒரே அடிப்படை என்றவர். 'ஆனந்த அறிவியல்' 338-ஆம் பகுதியைப் பாருங்கள். பிறர் துன்பப்படுவதைப் பார்த்து இரங்குகிறவன் அந்தத் துன்பத்தின் மேல்தோலைத்தான் பார்க்கிறான். அந்த ஆளுக்கு அந்தத் துன்பம் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது, எதைக் கட்டுகிறது, எதை இடிக்கிறது என்பது தெரியாமலேயே விதியின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நின்று "உனக்குப் போய் இப்படி ஆயிடுச்சே" என்று பத்துப் பேர் சொல்லிவிட்டுப் போனபின் படுத்திருப்பவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் சொல்வது கொஞ்சம் பிடிபடும். வந்தவர்கள் லேசாகிப் போகிறார்கள், படுத்திருப்பவர் கனத்துப்போகிறார். மண்டையைப் பிளக்கும் தலைவலி, நாள்கணக்கில் வாந்தி, எழுத்து தெரியாத கண் என்று வாழ்ந்த மனிதர் எழுதியது இது. அடுத்தவனுக்கு உதவாதே என்று அவர் சொல்லவில்லை. உன் நண்பனுக்கு, அவன் துயரத்தை முழுதாகப் புரிந்துகொண்டு, உனக்கு நீ உதவிக்கொள்வது போல உதவு என்று அதே பகுதி முடிகிறது.

மூன்றாவது கட்டுரை துறவு பற்றியது, நீளமானது, சில இடங்களில் இழுக்கிறது. அதில் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். உடம்பை ஒடுக்கு, ஆசையை அறு என்ற இலட்சியம் ஏன் இத்தனை காலம் நின்றது என்றால், அது துன்பத்துக்கு ஓர் அர்த்தம் கொடுத்தது. மனிதனால் துன்பத்தைத் தாங்க முடியும், அர்த்தமில்லாத துன்பத்தைத்தான் தாங்க முடியாது. எதையுமே விரும்பாமல் இருப்பதைவிட ஒன்றுமில்லாததையாவது அவன் விரும்புவான். இதைச் சொல்லிவிட்டு, என்ன விலை கொடுத்தும் உண்மை வேண்டும் என்கிற அறிவியலும் அதே துறவின் கடைசி வாரிசுதான் என்கிறார். அதாவது தன் காலடியையும் சேர்த்தே தோண்டுகிறார்.

இப்போது எதிர்வாதங்கள். பிறப்பைச் சொல்லி ஒரு மதிப்பைத் தள்ளிவிட முடியாது. கருணை வன்மத்தில் பிறந்திருந்தாலும் இன்று கருணை நல்லதாக இருக்கலாம். இது நியாயமான ஆட்சேபம், ஆனால் நீட்சேக்கு இது தெரியும். ஓர் ஒழுக்கம் தவறிலிருந்து முளைத்தது என்று காட்டுவதால் அதன் மதிப்பு பற்றிய கேள்வி தொடப்படவே இல்லை என்று 'ஆனந்த அறிவிய'லின் 345-ஆம் பகுதியில் அவரே எழுதியிருக்கிறார். வம்சாவளி என்பது தீர்ப்பு இல்லை. இது வானத்திலிருந்து விழுந்தது என்ற மயக்கத்தைக் கலைக்கிற வேலை. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. முதல் கட்டுரை சொல்லும் அந்தத் தலைகீழ் மாற்றம், அதாவது அடிமைகளின் ஒழுக்கக் கலகம், எந்த நூற்றாண்டில், யாரால், எந்த ஆவணத்தின்படி என்று வரலாற்றுக்காரர் கேட்டால் அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. தாசில்தார் கேட்கிற மாதிரி ஆதாரம் கேட்டால் அந்தப் புத்தகம் தேறாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வலுத்தவன் வைத்ததே சட்டமா? இல்லை, ஆனால் அவரை முழுக்கக் குற்றமற்றவராக்கிக் காட்டும் இன்றைய போக்கும் சரியில்லை. மனித இனத்தின் ஒவ்வொரு உயர்வும் பிரபுத்துவச் சமூகத்தின் வேலை, அதற்கு ஏதோ ஒரு பொருளில் அடிமைத்தனம் தேவை என்று 'நன்மை தீமைக்கு அப்பால்' 257-ஆம் பகுதி சொல்கிறது. உருவகம் என்று சமாளிக்கலாம், கொஞ்சத் தூரம்தான் சமாளிக்கலாம். சமத்துவம் அவருக்குப் பிடிக்காது. 1888-இல் இந்த வெறுப்பு அவரை நம் மனுஸ்மிருதியிடம் கொண்டுபோய் நிறுத்தியது. பிரெஞ்சு இந்தியாவில் நீதிபதியாக இருந்த லூயி ஜாக்கோலியோவின் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு மே மாதக் கடைசியில் நண்பருக்கு உற்சாகமாகக் கடிதம் எழுதுகிறார். 'விக்கிரகங்களின் அந்தி'யில், புதிய ஏற்பாட்டைப் படித்தபின் மனுவைப் படித்தால் நல்ல காற்று வருகிறது என்றும், 'அந்திகிறிஸ்து'வில், வருணப் பிரிவு இயற்கையின் ஒழுங்கையே சட்டமாக்கியது என்றும் எழுதினார். 'விக்கிரகங்களின் அந்தி'யில் சண்டாளர்களுக்கு விதித்ததாக அவர் எடுத்துக்காட்டும் விதிகளில் சில வழக்கமான மனு நூலில் இல்லாதவை. ஜாக்கோலியோவின் பிரதி நம்பத்தகுந்ததில்லை என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏட்டில் இடைச்செருகல் பார்க்கப் பயின்ற மொழியியல்காரர் இங்கே ஏமாந்துபோனார், தனக்குப் பிடித்ததைச் சொன்ன ஏடு என்பதால். அந்த விதிகளின் கொடுமையை அவர் மறைக்கவில்லை, நம் உணர்வுக்கு இதைவிட முரணானது இருக்க முடியாது என்கிறார். ஆனாலும் மனுவின் பக்கம்தான் சாய்கிறார்.

இதை அம்பேத்கர் விடவில்லை. அவர் மறைவுக்குப் பிறகு வெளியான 'இந்து மதத்தின் தத்துவம்' என்ற கைப்பிரதியில், நீட்சேயின் 'ஜரதுஸ்திரா' நூலின் நாயகனான ஜரதுஸ்திரா என்பது மனுவுக்குப் புதுப் பெயர் என்று எழுதினார். உடனே ஒரு வித்தியாசத்தையும் குறித்தார்: நீட்சே இலட்சியமாக வைக்கும் உயர்ந்த மனிதனான அதிமனிதன் தகுதியால் அதிமனிதன், மனுவுடையவன் பிறப்பால். அந்த அளவில் மனு நீட்சேயைவிடத் தாழ்ந்தவர். துல்லியமான வாசிப்பு.

இதில் நான் சேர்க்க நினைப்பது ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்டவர்களின் உரிமைக் குரலையெல்லாம் "அது வன்மம்தான், நீட்சே அன்றே சொன்னார்" என்று தட்டிவிடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். 'வம்சாவளி' முதல் கட்டுரையின் 10-ஆம் பகுதியைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். செயல் மறுக்கப்பட்டு, கற்பனையில் பழிதீர்ப்பதுதான் வன்மம். 1927 மார்ச் 20 அன்று, மகாராஷ்டிராவின் மகாடில், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் அம்பேத்கர் தலைமையில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்ததும், அதே டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியைக் கொளுத்தியதும் செயல். மோட்சத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் காத்திருக்கவில்லை யாரும். 1956-இல் அம்பேத்கர் போய்ச் சேர்ந்த பௌத்தத்தைப் பற்றி நீட்சே என்ன சொன்னார் என்பதும் பார்க்க வேண்டியது. அதையும் வாழ்வு தேய்ந்துபோனவர்களின் மதம் என்றுதான் வகைப்படுத்தினார். ஆனால் கிறிஸ்தவத்தைவிட நூறு மடங்கு யதார்த்தமானது, வன்மத்தை எதிர்த்துத்தான் அது அதிகம் போராடுகிறது, பகையால் பகை தணியாது என்பதே அதன் பல்லவி என்று 'அந்திகிறிஸ்து'விலேயே எழுதியிருக்கிறார். நீட்சேயின் அளவுகோலை வைத்தே பார்த்தால், புதிய மதிப்புகளை உண்டாக்கியவர் வரிசையில் யார் நிற்பார்கள் என்று அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் யோசிக்கட்டும்.

எங்கே தொடங்குவது? 'ஜரதுஸ்திரா'வில் தொடங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் வாங்குவார்கள், நாற்பதாம் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அது தீர்க்கதரிசி நடையில் எழுதியது. அவருடைய வாதங்கள் ஏற்கெனவே தெரிந்தால்தான் கேலிகள் புரியும். 'வம்சாவளி'யை எடுங்கள், முன்னுரை, பிறகு இரண்டாவது கட்டுரை, பிறகு முதலாவது. அதன்பின் 'ஆனந்த அறிவியல்', அங்கங்கே திறந்து படிக்கலாம். கடைசி வருடப் புத்தகங்களில் குரல் ஏறிக்கொண்டே போகும். 1889 ஜனவரியில் தூரினில் மனம் சிதைந்தது. அதன்பின் 1900-இல் இறக்கும்வரை நூல் எதுவும் எழுதவில்லை. 'அதிகாரத்துக்கான விருப்பம்' என்ற தலைப்பில் கிடைப்பதை முதலில் வாங்க வேண்டாம். 1901-இலும் பெரிதாக்கி 1906-இலும் தங்கை எலிசபெத்தின் பொறுப்பில், நீட்சேயின் குறிப்பேடுகளிலிருந்து பொறுக்கித் தொகுத்தது அது. யூத வெறுப்பு இயக்கத்தில் இருந்தவரைத் தங்கை மணந்ததற்காக 1887-இல் அண்ணன் கோபமாகக் கடிதம் எழுதினார். அந்தத் தங்கையின் இறுதிச்சடங்குக்கு 1935-இல் ஹிட்லர் வந்தார். கோல்லி, மொந்தினாரி என்ற இரண்டு இத்தாலியர்கள் குறிப்பேடுகளைத் தேதிவாரியாகப் பதிப்பித்த பிறகு, அப்படியொரு நூலை நீட்சே முடித்துவைத்திருந்தார் என்ற வாதம் எடுபடவில்லை.